இரண்டு கிலோ வட்டும் ஒரு மனிதரின் உறுதியும்

விளையாட்டு விழா என்றால் ஓட்டப் பந்தயத்திற்குத்தான் கூட்டம் சேரும். துப்பாக்கி ஒலித்ததும் அனைவரும் எழுந்து நிற்பார்கள். பத்து நொடிகளில் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். அதே நேரத்தில் மைதானத்தின் ஒரு மூலையில், வலைக்கூண்டுக்குள் நின்று ஒருவர் வட்டு எறிந்துகொண்டிருப்பார். அவரைப் பார்ப்பவர் சிலரே. கை தட்டுபவர் அவரினும் சிலர். ஆனால் அந்த மூலையிலிருந்துதான், பன்னிரண்டு ஆண்டுகள் ஒலிம்பிக்கில் எவராலும் வெல்ல முடியாத ஒரு மனிதர் எழுந்தார். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஆல்பிரட் ஓர்ட்டர் என்பது அவர் பெயர். உலகம் அவரைச் சுருக்கமாக ஆல் ஓர்ட்டர் என்று அழைத்தது.

1956, 1960, 1964, 1968 என நான்கு ஒலிம்பிக் விழாக்களில் தொடர்ந்து வட்டெறிதலில் தங்கப் பதக்கம் வென்றவர் இவர். தடகளத்தில் ஒரே போட்டியில் நான்கு முறை தொடர்ந்து வென்ற முதல் மனிதரும் இவரே. 28 ஆண்டுகள் சென்ற பின்னரே, 1996இல், நீளம் தாண்டும் வீரர் கார்ல் லூயிஸ் அந்தப் பெருமையைப் பகிர்ந்துகொண்டார். ஆயினும் ஓர்ட்டரின் வாழ்வில் நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது பதக்கங்களின் எண்ணிக்கை அன்று. அந்த நான்கு முறைகளில் ஒரு முறைகூட அவர் உலகச் சாதனையாளராக மைதானத்துள் நுழையவில்லை. ஒவ்வொரு முறையும் அவரைவிட அதிகத் தூரம் எறிந்த ஒருவர் எதிரே நின்றார். ஒவ்வொரு முறையும் வென்றவரோ ஓர்ட்டர்! இஃது எங்ஙனம் இயன்றது?

வட்டும் வட்டமும்

முதலில் இந்த விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். ஆடவர் எறியும் வட்டின் எடை 2 கிலோ; மகளிர் எறிவது 1 கிலோ. நடுவில் தடித்து, ஓரம் நோக்கி மெலிந்து, இரு தட்டுகளை ஒன்றோடொன்று கவிழ்த்து வைத்தாற்போன்ற வடிவம் அதற்கு. எறிபவர் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு 2.50 மீட்டர்தான். அந்தச் சிறு இடத்துக்குள் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, அந்தச் சுழற்சியின் வேகம் முழுவதையும் விரல் நுனிக்குக் கொண்டுவந்து வட்டை விடுவிக்க வேண்டும். வட்டு தரையில் விழுமுன் வட்டத்தை விட்டு வெளியேறினாலோ, அதன் விளிம்பை மிதித்தாலோ அந்த எறிதல் செல்லாது.

வெறும் உடல் வலிமை இதற்குப் போதாது. கால், இடுப்பு, தோள், கை ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, உரிய கணத்தில் இயங்க வேண்டும். ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் வட்டு தள்ளாடி விழுந்துவிடும். காற்று எதிரே மிதமாக வீசினால், சரியாக எறியப்பட்ட வட்டு அதன்மீது ஏறிப் பறவையைப்போல் மிதந்து செல்லும். தவறாக எறிந்தால் அதே காற்று அதனைக் கீழே அழுத்திவிடும். இறுதிப் போட்டியில் முன்னணியில் நிற்பவருக்குக் கிடைப்பவை ஆறு வாய்ப்புகள் மட்டுமே. நான்கு ஆண்டு உழைப்பு, ஒவ்வொன்றும் ஓரிரு நொடிகளே நீடிக்கும் அந்த ஆறு சுழற்சிகளில் அடங்கிவிடுகிறது.

காலடியில் வந்து விழுந்த வட்டு

ஓர்ட்டர் 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். பள்ளி நாட்களில் அவர் ஓட்டப் பயிற்சி பெற்றுவந்தார். அவருக்கு ஏறத்தாழ 15 வயதிருக்கும்போது, மைதானத்தில் யாரோ எறிந்த வட்டு ஒன்று அவர் காலடியில் வந்து விழுந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பி எறிந்தார். அது எறிந்தவர்களின் தலைக்கு மேலே பறந்து, அவர்களுக்கும் அப்பால் போய் விழுந்தது! அன்றே அவருடைய வழி மாறியது. 1954இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வட்டெறிதலில் தேர்ச்சி பெற்றார்.

1956இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றது. ஓர்ட்டருக்கு வயது 20. அவருடைய நாட்டைச் சேர்ந்த பார்ச்சூன் கார்டியன் அப்போது 59.28 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்திருந்தவர். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். வெற்றி அவருக்கே என்று பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் ஓர்ட்டர் தம் முதல் எறிதலிலேயே 56.36 மீட்டரைத் தொட்டார். எஞ்சிய சுற்றுகளில் எவராலும் அதனை எட்ட முடியவில்லை. பதக்க மேடையில் நின்றபோதுதான் நடந்தது இன்னதென்று அவருக்கு உறைத்ததாம். முழங்கால்கள் தளர, மேடையிலிருந்து விழாதபடி சமாளித்துக்கொண்டார் அந்த இளைஞர்.

மறு ஆண்டே சோதனை வந்தது. 1957இல் நேர்ந்த கார் விபத்து ஒன்றில் அவர் உயிரிழக்கும் நிலைக்குச் சென்று மீண்டார். இனி அவர் வட்டெடுப்பாரா என்ற ஐயம் எழுந்தது. அதற்கு மறுமொழி உரோமை நகரில் கிடைத்தது.

தோழர் சொன்ன ஒரு சொல்

1960ஆம் ஆண்டு உரோமை ஒலிம்பிக்கில் நடந்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்ல வேண்டும். அமெரிக்க அணியில் ஓர்ட்டருடன் வந்திருந்தவர் ரிங்க் பாப்கா என்ற நெடிய வீரர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் 59.91 மீட்டர் எறிந்து, போலந்து வீரர் பியாட்கோவ்ஸ்கியின் உலகச் சாதனைக்கு இணையாக நின்றவர் அவர். இறுதிப் போட்டியில் பாப்கா 58.02 மீட்டர் எறிந்து முன்னணியில் இருந்தார். நான்கு சுற்றுகள் முடிந்தும் ஓர்ட்டரால் அதனைக் கடக்க இயலவில்லை.

ஐந்தாம் சுற்றுக்கு முன் பாப்கா தம் போட்டியாளரிடம் வந்தார். சுழலும்போது இடக்கையை வைத்திருக்கும் முறை சரியில்லை என்று குறையைச் சுட்டிக் காட்டினார். ஓர்ட்டர் அதைத் திருத்திக்கொண்டு எறிந்தார்: 59.18 மீட்டர்! தங்கம் ஓர்ட்டருக்கு, வெள்ளி பாப்காவுக்கு.

பாப்கா வாய் திறவாமல் இருந்திருந்தால் அந்தத் தங்கம் அவருடையதாகவே இருந்திருக்கக்கூடும். அவர் செய்ததற்கு விதிகளில் கட்டாயம் ஏதும் இல்லை. செய்யாதிருந்தால் எவரும் குறை கூறியிருக்கவும் மாட்டார்கள். ஓர்ட்டரின் நான்கு தங்கங்களைப் பாராட்டும் நாம், அவற்றுள் ஒன்றில் இன்னொருவருடைய பெருந்தன்மையும் கலந்திருக்கிறது என்பதை மறத்தலாகாது. வெற்றி பெற்றவரை உலகம் நினைவில் வைக்கும். அவரை வெற்றி பெறச் செய்தவரையும் நினைவில் வைப்பது நல்லோர் கடமை.

டோக்கியோவின் வேதனை

அதன்பின் ஓர்ட்டர் உலகச் சாதனைகளையும் ஏற்படுத்தினார். 1962ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 61.10 மீட்டர் எறிந்தார். 200 அடி என்ற எல்லையை ஏற்கப்பட்ட சாதனைகளில் முதன்முதலாகக் கடந்தது அந்த எறிதலே. பின்னரும் மூன்று முறை உலகச் சாதனையைப் புதுப்பித்து, 1964 ஏப்ரலில் 62.94 மீட்டரை எட்டினார். ஆனால் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் செக்கோஸ்லோவாக்கியாவின் லூத்விக் டானெக் 64.55 மீட்டர் எறிந்து சாதனையைத் தம் வசமாக்கிக்கொண்டார். டோக்கியோவுக்கு வந்தபோது டானெக்கே உலகின் முதல்வர்.

ஓர்ட்டரின் நிலையோ இரங்கத்தக்கது. கழுத்து முள்ளெலும்பில் நெடுநாளாக இருந்த கோளாற்றுக்காகக் கழுத்துப் பட்டை அணிந்து வந்தார். அது போதாதென்று, போட்டிக்குச் சில நாட்களே இருக்கையில், பயிற்சியின்போது வலப்புற விலா எலும்பை ஒட்டிய குருத்தெலும்பு கிழிந்து உள்ளே குருதி கசிந்தது. ஆறு வாரங்கள் ஓய்வு வேண்டும் என்றனர் மருத்துவர். அவர் இசையவில்லை. விலாப் பகுதியில் பனிக்கட்டி வைத்து, பட்டைகளால் இறுகக் கட்டி, மரப்பு ஊசியும் போட்டுக்கொண்டு வட்டத்துள் இறங்கினார்.

நான்கு சுற்றுகள் முடிந்தபோது அவர் மூன்றாம் இடத்தில் இருந்தார், டானெக் 60.52 மீட்டருடன் முன்னணியில் நின்றார். ஐந்தாம் முறை ஓர்ட்டர் தம் வலிமை முழுவதையும் திரட்டிச் சுழன்றார். வட்டு கையை விட்டு அகன்றதும் வலி தாளாமல் உடல் இரண்டாக மடிந்தது. அளந்து பார்த்தபோது 61.00 மீட்டர். மூன்றாம் தங்கம்!

இங்கே பெற்றோர்க்கு ஒரு சொல். இத்தகைய கதைகளைக் கேட்கும்போது நம் உள்ளம் சிலிர்ப்பது இயல்பே. ஆயினும் மருத்துவர் சொல்லை மீறுவதே வீரம் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. ஓர்ட்டர் அப்போது 28 வயதினர். தம் உடலை நன்கறிந்தவர். விளைவைத் தாமே ஏற்கத் துணிந்து முடிவெடுத்தவர். வளரும் பருவத்துப் பிள்ளையை வலியோடு ஓடு, காய்ச்சலோடு தேர்வெழுது என்று நாம் உந்துவது அதனினும் முற்றிலும் வேறானது. ஒரு பதக்கத்திற்காகவோ மதிப்பெண்ணிற்காகவோ பிள்ளையின் உடல்நலத்தைப் பணயம் வைக்கப் பெற்றோருக்கு உரிமை இல்லை. டோக்கியோ நமக்குக் கற்பிக்க வேண்டியது வலியின் பெருமையை அன்று. கடைசி வாய்ப்பு வரையில் மனம் தளராத உறுதியையே.

மெக்சிகோவில் மழை

1968இல் மெக்சிகோ நகருக்கு ஓர்ட்டர் வந்தபோது அவருக்கு 32 வயது. அவர் காலம் முடிந்துவிட்டது என்று பலர் கருதினர். அமெரிக்காவின் ஜே சில்வெஸ்டர் அதற்கு முந்தைய மாதம்தான் 68.40 மீட்டர் எறிந்து புதிய உலகச் சாதனை நிறுவியிருந்தார். ஓர்ட்டரோ அதுவரை தம் வாழ்வில் 65 மீட்டரைக்கூட எட்டியதில்லை.

இறுதிப் போட்டியன்று மழை பெய்தது, போட்டி தாமதமாயிற்று. வட்டம் ஈரமாகி வழுக்கியது. வீரர்கள் பலர் நிலை தடுமாறினர். ஓர்ட்டர் மூன்றாம் சுற்றில் 64.78 மீட்டர் எறிந்தார். அதற்குமுன் அவர் எறிந்த எதனினும் அதிகமான தூரம் அது. கிழக்கு ஜெர்மனியின் லோதர் மில்டே 63.08 மீட்டருடன் இரண்டாம் இடமும், டானெக் மூன்றாம் இடமும் பெற்றனர். உலகச் சாதனையாளர் சில்வெஸ்டர் 61.78 மீட்டருடன் ஐந்தாம் இடத்தில் நின்றார்.

நான்கு விழாக்களின் அளவுகளை ஒருங்கே வைத்துப் பாருங்கள்: 56.36, 59.18, 61.00, 64.78. ஒவ்வொரு முறையும் புதிய ஒலிம்பிக் சாதனை. ஒவ்வொரு முறையும் முன்னைய தம்மை வென்றிருக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளில் 8.42 மீட்டர் முன்னேற்றம். கார்டியன், பாப்கா, டானெக், சில்வெஸ்டர் என எதிர் நின்றவர் மாறிக்கொண்டே வந்தனர். மாறாமல் நின்ற போட்டியாளர் ஒருவரே. அவர் முன்னைய ஓர்ட்டர்.

வேலை முடிந்த பின்

இத்தனைக்கும் விளையாட்டு அவருக்குப் பிழைப்பாக இருந்ததில்லை. அக்காலத்தில் ஒலிம்பிக் வீரர் விளையாட்டினால் பணம் ஈட்டுதல் கூடாது என்பது விதி. ஓர்ட்டர் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், கிரம்மன் என்னும் விமான நிறுவனத்தில் கணினிப் பிரிவில் பணியாற்றினார். இரு பெண் குழந்தைகளின் தந்தை அவர். பகலெல்லாம் அலுவலகம், அது முடிந்தபின் பயிற்சி. தமக்கெனப் பயிற்சியாளர் எவரையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. புல்வெளியில் குறித்த தூரத்தில் ஒரு துண்டை விரித்துப் போட்டுவிட்டு, அதனை நோக்கி மீண்டும் மீண்டும் வட்டை எறிவார். பின்பு தாமே நடந்து சென்று வட்டுகளைப் பொறுக்கி வருவார். பார்ப்பவர் இல்லை, பாராட்டுபவர் இல்லை. அந்தத் துண்டே அவருடைய பயிற்சியாளர்.

நம் வீடுகளில், வசதி இல்லை, வழிகாட்ட ஆள் இல்லை, நேரம் இல்லை என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அவற்றுள் உண்மையும் உண்டு. வசதி அற்ற பிள்ளைகளுக்கு வசதி செய்து தருவது சமுதாயத்தின் கடமை; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வசதி வந்த பின்னரும் எவரும் காணாத நேரத்தில் ஒருவர் செய்யும் உழைப்பே அவரை உருவாக்குகிறது என்பதற்கு ஓர்ட்டரின் மாலைப் பொழுதுகள் சான்றாகும்.

நாற்பதைக் கடந்த பின்

மெக்சிகோவுக்குப் பின் ஓர்ட்டர் போட்டிகளிலிருந்து விலகினார். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ஆண்டுகள் சில கழித்து மீண்டும் வட்டைக் கையில் எடுத்தார். 1980இல், 43ஆம் வயதில், 69.46 மீட்டர் எறிந்தார்! நான்கு தங்கம் வென்ற இளமை நாட்களில் எறிந்ததனினும் 4 மீட்டருக்கும் அதிகமான தூரம். அவ்வாண்டு அமெரிக்க அணிக்கான தேர்வுப் போட்டியில் நான்காம் இடம் பெற்றார். அணிக்குத் தெரிவு செய்யப்படுவோர் மூவர் மட்டுமே. அமெரிக்கா அவ்வாண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிட்டதால், வென்ற அந்த மூவரும்கூட அங்குச் செல்ல இயலவில்லை.

ஐந்தாம் தங்கம் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் பதக்கமே கிடைக்காத அந்த ஆண்டில்தான் அவர் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த எறிதலை எறிந்தார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. உலகம் தரும் பரிசும் ஒருவரது உண்மையான உயர்வும் எப்போதும் ஒரே நாளில் வருவதில்லை. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபத்தை அரங்கத்திற்கு ஏந்தி வரும் பெருமை அவருக்கு அளிக்கப்பட்டது.

தந்தையும் மகனும்

வட்டெறிதலின் பெருநாள் எத்துணை எதிர்பாராதது என்பதற்கு அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. லிதுவேனியா நாட்டின் விர்கிலியுஸ் அலெக்னா 2000, 2004 ஆகிய இரு ஒலிம்பிக் விழாக்களிலும் தங்கம் வென்றவர். 2004இல் ஏதென்சில் அவர் எறிந்த 69.89 மீட்டர் இருபது ஆண்டுகள் ஒலிம்பிக் சாதனையாக நிலைத்தது. அவர் மகன் மைகோலஸ் 2024 ஏப்ரலில் 74.35 மீட்டர் எறிந்து, 1986 முதல் அசையாமல் நின்ற உலகச் சாதனையை முறியடித்தார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 69.97 மீட்டர் எறிந்து தந்தையின் ஒலிம்பிக் சாதனையையும் கடந்தார். தங்கம் உறுதி என்று தோன்றிய வேளையில், ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா 70.00 மீட்டர் எறிந்தார். மூன்றே சென்டிமீட்டரில் உலகச் சாதனையாளருக்கு வெள்ளி! அந்த இளைஞர் மனம் உடைந்து போய்விடவில்லை. 2025 ஏப்ரலில் 75.56 மீட்டர் எறிந்து தம் சாதனையைத் தாமே உயர்த்தினார். தோல்வியின் மறுநாளும் பயிற்சிக்குரிய நாளே.

வண்ணத்தில் விழுந்த வட்டு

முதுமையில் ஓர்ட்டரின் உள்ளம் ஓவியத்தில் ஈடுபட்டது. வண்ணக் குழம்பைத் தரையில் ஊற்றி, அதன்மேல் வட்டை ஓங்கி எறிவார். தெறிக்கும் வண்ணங்கள் எதிரே நிறுத்திய துணியில் படிந்து ஓவியமாகும். கலையில் நாட்டமுள்ள ஒலிம்பிக் வீரர்களின் படைப்புகளை ஒன்றுசேர்த்துக் காட்சிக்கு வைக்கும் அமைப்பு ஒன்றையும் தொடங்கினார். இதயநோய் முற்றிய நிலையிலும் அந்தப் பணியில் மகிழ்ச்சி கண்டார். 2007ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், புளோரிடா மாநிலத்தில், 71ஆம் வயதில் காலமானார்.

நம் பிள்ளைகள் எல்லாரும் வட்டெறியப் போவதில்லை; ஒலிம்பிக் மேடை ஏறப் போவதும் இல்லை. ஆனால் தேர்வு, நேர்முகம், தொழில், நோய் என ஒவ்வொருவருக்கும் ஒரு பெருநாள் வரும். அந்நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்துணை உயரம் என்று அளந்து காட்டி அவர்களைக் கலங்கடிக்க வேண்டாம். நேற்றைய உன்னைவிட இன்று ஓரடி முன்னேறு என்று சொல்லுவோம். உடன் ஓடுபவன் தடுமாறினால், உரோமையில் பாப்கா செய்ததுபோல், அவனுக்கும் ஒரு சொல் சொல்லக் கற்பிப்போம். இவ்விரண்டையும் கற்ற பிள்ளை, வென்றாலும் தோற்றாலும், வீட்டுக்குத் தலைநிமிர்ந்தே திரும்பும்.